குண்டைவிட வயிற்றுப்போக்கு அதிகம் கொன்ற போர்

ஓர் ஊரில் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று தகவல் வந்தால், பொது சுகாதார வேலையில் இருக்கும் எங்களைப் போன்ற மருத்துவர்கள் முதலில் கேட்பது குடிநீர்க் குழாய் எங்கே சாக்கடையைக் கடக்கிறது என்பதைத்தான். அதற்குப் பதில் சீக்கிரம் கிடைத்துவிடும், தெருக்காரர்களே காட்டிவிடுவார்கள். அடுத்த கேள்விதான் சிக்கல்: மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போடுவது யார் வேலை? ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார், அவர் வேறொருவரை. பிளீச்சிங் பவுடர் மூட்டை பக்கத்து அறையிலேயே பிரிக்காமல் கிடக்கும்.

புதிதாக வேலையில் சேரும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் வகுப்பெடுக்கும்போது நான் கிரிமியப் போரைச் சொல்வது இதனால்தான். 1853 முதல் 1856 வரை ஒரு பக்கம் ரஷ்யா, மறுபக்கம் உதுமானியப் பேரரசும் அதற்குத் துணையாகப் பிரிட்டனும் பிரான்சும், பின்னால் சார்டீனியாவும். இங்கே பலருக்கு அந்தப் போரில் தெரிந்த ஒரே பெயர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் நாளில் அவரை நினைவுகூர்கிறோம். ஆனால் அவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் நடந்ததில்தான் எங்கள் தொழிலுக்கு வேண்டிய பாடம் அதிகம்.

போரின் தொடக்கம் இன்று படித்தால் சிரிப்பு வரும். பெத்லகேமில் இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் உள்ள தேவாலயத்தின் முக்கியக் கதவுச் சாவி யாரிடம் இருப்பது என்று கத்தோலிக்கத் துறவிகளுக்கும் ஆர்த்தடாக்ஸ் துறவிகளுக்கும் தகராறு. 1847-இல் அங்கே பதித்திருந்த வெள்ளி நட்சத்திரம் காணாமல் போனதும் சண்டை முற்றியது. பாலஸ்தீனம் அப்போது உதுமானிய சுல்தானின் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கர்களுக்காகப் பேச வந்தவர் லூயி நெப்போலியன். உள்நாட்டில் கத்தோலிக்கர் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. 1852 முடிவதற்குள் அவர் மூன்றாம் நெப்போலியன் என்று பேரரசராகவும் ஆகிவிட்டார். ஆர்த்தடாக்ஸ் தரப்புக்கு ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ்.

உண்மையில் சாவிப் பிரச்சினை 1853 மே மாதத் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. தீராதது வேறொன்று. நிக்கோலஸின் தூதராக உதுமானியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) வந்திருந்த மென்ஷிகோவ், உதுமானியப் பேரரசில் வாழும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் ரஷ்யாவே பாதுகாவலர் என்று எழுதித்தரும்படி கேட்டார். ரஷ்யாவும் உதுமானியர்களும் 1774-இல் செய்துகொண்ட கைனார்ஜி ஒப்பந்தத்திலேயே அந்த உரிமை இருப்பதாக ரஷ்யாவின் வாதம். பல லட்சம் குடிமக்கள் மீது இன்னொரு அரசருக்கு உரிமை கொடுக்க எந்த அரசர் சம்மதிப்பார்? சுல்தான் மறுத்தார். ஜூலையில் ரஷ்யப் படை புரூத் ஆற்றைத் தாண்டி மால்டேவியா, வலாக்கியா ஆகிய இரண்டு பகுதிகளில் புகுந்தது. இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதி அது. அக்டோபரில் உதுமானியர்கள் போர் அறிவித்தார்கள்.

பிரிட்டனுக்குச் சாவியைப் பற்றியெல்லாம் அக்கறை இல்லை. ரஷ்யக் கடற்படை கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு இறங்கிவிட்டால் இந்தியாவுக்குப் போகும் வழி என்னாவது என்பதுதான் அவர்கள் கவலை. 1853 நவம்பர் 30 அன்று சினோப் துறைமுகத்தில் நின்றிருந்த உதுமானியக் கப்பல்களை நகீமோவ் தலைமையிலான ரஷ்யக் கடற்படை வெடிகுண்டுகளால் எரித்தது. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். போரில் நடந்த தாக்குதல்தான் அது, ஆனால் லண்டன் பத்திரிகைகள் படுகொலை என்றே எழுதின. 1854 மார்ச் கடைசியில் பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தன.

வேடிக்கை என்னவென்றால், போருக்கான காரணம் அந்தக் கோடைக்குள்ளேயே முக்கால்வாசி காலியாகிவிட்டது. டான்யூப் கரையில் சிலிஸ்திரா கோட்டையை முற்றுகையிட்ட ரஷ்யர்கள் ஜூனில் அதைக் கைவிட்டார்கள். ஆஸ்திரியாவும் நெருக்கவே, புகுந்த பகுதிகளிலிருந்தும் பின்வாங்கினார்கள். ஆனால் அதற்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் இன்றைய பல்கேரியாவில் உள்ள வார்னாவில் வந்து இறங்கியிருந்தன. வந்த படையைச் சும்மா திருப்பி அனுப்புவதா? கருங்கடலுக்குள் நீண்டிருக்கும் கிரிமியத் தீபகற்பத்தில் ரஷ்யாவின் பெரிய கடற்படைத் தளமான செவஸ்தபோலை அழித்துவிட்டு வாருங்கள் என்று உத்தரவு போனது.

ஆனால் எதிரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே படை செத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு தெற்குப் பிரான்சில் காலரா. அங்கிருந்து கிளம்பிய கப்பல்களோடு அது ஜூலையில் வார்னாவுக்கு வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமவெளியில் கூடாரம் போட்டு, ஒரே ஏரியிலும் ஓடையிலும் குடித்து, அதன் பக்கத்திலேயே மலம் கழித்துக்கொண்டிருந்த இடம். காலராவுக்கு வேறென்ன வேண்டும்? ஜூலைக் கடைசியில் டோப்ருஜா பகுதிக்கு அனுப்பப்பட்ட பிரெஞ்சுப் படை பெரிய சண்டை எதுவும் பார்க்காமலேயே ஆயிரக்கணக்கானவர்களைக் காலராவுக்குப் பறிகொடுத்துத் திரும்பியது. போர்க்கப்பல்களும் தப்பவில்லை. பிரிட்டிஷ் தலைமைக் கப்பலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவர்கள் கையில் இருந்தது அபினும் பாதரச மருந்தும் பிராந்தியும்தான். இழந்த தண்ணீரையும் உப்பையும் உடம்புக்குள் திருப்பிச் செலுத்தினால் காலரா நோயாளி எழுந்து உட்காருவார் என்பதை தாமஸ் லட்டா என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1832-லேயே செய்து காட்டியிருந்தார். அதை யாரும் தொடரவில்லை.

இரண்டு தேதிகளை நான் வகுப்பில் பலகையில் எழுதிப் போடுவது வழக்கம். 1854 செப்டம்பர் 7 அன்று நேச நாட்டுக் கப்பல்கள் கிரிமியாவை நோக்கிக் கிளம்பின, காலராவையும் ஏற்றிக்கொண்டு. மறுநாள், செப்டம்பர் 8 அன்று, லண்டன் பிராட் தெருவில் ஒரு தண்ணீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அந்தப் பம்பின் தண்ணீர் வழியாகத்தான் காலரா பரவுகிறது என்று வீடுவீடாக விசாரித்துக் கண்டறிந்த மருத்துவர் ஜான் ஸ்னோ கேட்டுக்கொண்டதால் அது நடந்தது. காலராவுக்கு வேண்டிய விடை தலைநகரிலேயே கிடைத்துவிட்டது. படைக்கு அது போய்ச் சேரவில்லை.

செப்டம்பர் 14 அன்று கலமீட்டா விரிகுடாவில் 60,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறங்கத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் வீரர்களின் முதல் இரவு கூடாரமில்லாமல் மழையில் கழிந்தது. நோயில் இளைத்தவர்களால் சுமக்க முடியாது என்று முதுகுப் பைகளையும் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள். காயம்பட்டவரை ஏற்றும் வண்டிகள் வார்னாவிலேயே தங்கிவிட்டன. தூக்கிச் செல்லும் வேலைக்கு ஓய்வுபெற்ற முதிய வீரர்களைச் சேர்த்து ஒரு பிரிவு அமைத்திருந்தார்கள். அவர்களில் பலர் குடியிலோ காலராவிலோ விழுந்து, அவர்களையே தூக்கிச் செல்ல ஆள் தேவைப்பட்டது. 19-ஆம் தேதி நடைப்பயணத்தில் தாகம் தாங்காமல், புல்கனாக் என்ற சிற்றாற்றைக் கண்டதும் வரிசை கலைந்து ஓடி விழுந்து குடித்தார்கள்.

மறுநாள் ஆல்மா ஆற்றங்கரையில் முதல் பெரிய சண்டை. மேட்டில் நின்ற ரஷ்யப் படைக்குத் தளபதி யார் தெரியுமா? தூது போன அதே மென்ஷிகோவ். நேச நாடுகள் வென்றன. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 2,000 பேர். பல மைல் தூரம் கடற்கரைக்குக் காயக்காரர்களை மாலுமிகள் தோளில் சுமந்தார்கள். ஒன்பது நாளில் பிரெஞ்சுத் தளபதி சாந்த்-ஆர்னோ நோயால் இறந்தார். பிரிட்டிஷ் தளபதி ராக்லனும் அடுத்த ஜூனில் சீதபேதியில் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு நேராக செவஸ்தபோலுக்குள் புகுந்திருக்கலாமா என்று ராணுவ வரலாற்றாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அவர்கள் சுற்றிக்கொண்டு தெற்கே போனார்கள். அந்த இடைவெளியில் ரஷ்யர்கள் தங்கள் கப்பல்களையே துறைமுக வாயிலில் மூழ்கடித்து வழியை அடைத்தார்கள், டோட்லேபென் என்ற பொறியாளர் மண்ணரண்களை எழுப்பினார். அக்டோபர் 17-இல் பீரங்கித் தாக்குதல், 25-இல் பாலக்லாவா சண்டை, நவம்பர் 5-இல் இன்கர்மன் சண்டை. பாலக்லாவாவில் குழப்பமான ஓர் உத்தரவால் சுமார் 670 குதிரை வீரர்கள் பீரங்கி வாய்க்குள் பாய்ந்தார்கள். ஏறத்தாழ 110 பேர் இறந்தார்கள். உலகமே அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

இப்போது இன்னொரு கணக்கு. 1855 ஜனவரி என்ற ஒரே மாதத்தில் பிரிட்டிஷ் படையில் காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். பரவும் நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். நைட்டிங்கேல் பின்னாளில் வண்ண வரைபடமாகப் போட்ட கணக்கு இது.

இடையில் என்ன நடந்தது? நவம்பர் 14 புயலில் குளிர்கால உடைகளை ஏற்றி வந்த கப்பல் மூழ்கியது. பாலக்லாவா துறைமுகத்திலிருந்து முகாமுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் மண்பாதை சேறானது, சுமை தூக்கிய குதிரைகள் செத்தன. வறுக்காத காப்பிக் கொட்டையைப் படைக்குக் கொடுத்தார்கள், வறுக்க விறகில்லை. என்னைக் கோபப்படுத்துவது எலுமிச்சைச் சாற்றின் கதை. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு அது மருந்து என்று கடற்படைக்கு அரை நூற்றாண்டாகத் தெரியும். டிசம்பரில் சுமார் 9,000 கிலோ எலுமிச்சைச் சாறு பாலக்லாவாவில் வந்து இறங்கியது. பிப்ரவரி வரை அதை யாருக்கும் கொடுக்கவில்லை. வந்திருக்கிறது என்று படைக்குச் சொல்வது கிடங்குத் துறையின் வேலை இல்லையாம். அந்தத் துறை போர் தொடங்கியபோது ராணுவத்தின் கீழ்கூட இல்லை, நிதித் துறையின் கீழ் இருந்தது. மருத்துவத் துறை தனி, கப்பல் தனி. நான் மேலே சொன்ன பிளீச்சிங் பவுடர் மூட்டை இப்போது நினைவுக்கு வருகிறதா?

நோயாளிகளைக் கடல் தாண்டி கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிரே ஸ்குட்டாரியில் ஒரு பெரிய படைவீட்டுக்கு அனுப்பினார்கள். அதுதான் மருத்துவமனை. நைட்டிங்கேலும் 38 செவிலியர்களும் நவம்பர் 4-இல் அங்கே வந்தார்கள். சமையலறை, துணி, படுக்கை, சுத்தம் எல்லாவற்றையும் சீர்செய்தார்கள். ஆனாலும் இறப்பு குறையவில்லை, பிப்ரவரி வரை ஏறிக்கொண்டே போய் நூற்றுக்கு 42 என்ற அளவைத் தொட்டது. இதைச் சொன்னால் செவிலியர் மாணவிகள் முகம் வாடிவிடுகிறது. நைட்டிங்கேலையும் அவருடன் வந்தவர்களையும் குறை சொல்ல இதைச் சொல்வதில்லை. அடைபட்ட சாக்கடைமேல் கட்டடம் நின்றது. அந்தக் கழிவுநீர் ஊறும் மண்ணுக்கும் குடிநீருக்கும் இடையே தடுப்பில்லை. வார்டில் எத்தனை கை உழைத்தாலும் தரைக்கு அடியில் இருப்பதை அவை தொடாது.

மார்ச்சில் சுகாதார ஆணையம் ஒன்று வந்தது. சதர்லாண்ட், கேவின் என்ற இரண்டு மருத்துவர்கள், ராலின்சன் என்ற பொறியாளர். சாக்கடையைக் கழுவிவிட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், குப்பையையும் செத்த விலங்குகளையும் அகற்றினார்கள். தண்ணீர் வரும் கால்வாயில் செத்த குதிரை ஒன்று கிடந்ததையும் எடுத்தார்கள். கோடைக்குள் இறப்பு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. கிருமி என்றால் என்ன என்றே அவர்களுக்குத் தெரியாது, கெட்ட காற்றுதான் நோய் தருகிறது என்று நம்பியவர்கள். அடுத்த குளிர்காலத்தில் பிரிட்டிஷ் முகாம் நலமாக இருந்தது. முதல் ஆண்டு நன்றாகச் சமாளித்த பிரெஞ்சுப் படையோ பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலில் சரிந்தது. முழுப் போரிலும் பிரிட்டிஷ் தரப்பில் நோயால் இறந்தவர்கள் 16,000-க்கும் மேல். களத்திலும் காயத்தாலும் இறந்தவர்கள் 5,000-க்கும் குறைவு.

அந்தக் கணக்கு நம் ஊருக்கும் வந்தது. நைட்டிங்கேல் விடாமல் அழுத்தம் கொடுத்ததால் இந்தியாவில் உள்ள படையின் சுகாதாரம் பற்றி 1859-இல் அரச ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1864-இல் சென்னை மாகாணத்திலும் சுகாதார ஆணையம் ஏற்பட்டது.

சரி, நம் தெருவுக்கு வருவோம். தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊர்களில், வராத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். விரிசல் வழியே வெளியே தேங்கிய சாக்கடையை அது உள்ளே இழுக்கும். வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவதும், அழுத்தம் குறைவு என்று பள்ளம் தோண்டி அதற்குள் குழாயை இறக்குவதும் இதை மோசமாக்குகின்றன. மழைக்குப் பின் தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள். தெருக்கோடி குழாயில் குளோரின் இருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளரைச் சோதித்துக் காட்டச் சொல்லலாம், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டியில் குளோரின் போடுபவர் பெயரையும் அவர் விடுப்பில் போனால் யார் போடுவார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காவது நீராகப் போகத் தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவு தண்ணீரில் முழுவதும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். 1971-இல் வங்காள அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் இதுபோன்ற கரைசலைக் கொண்டுதான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மயக்கமாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நாளில் இப்படி ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். அடுத்த வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.