ஒரு கார்பன்தானே என்று நினைக்காதீர்கள்

ஈரோடு மாவட்டத்தில் பல ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் ஆய்வகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், பழுப்பு நிறக் குப்பியில் ஓரம் உரிந்திருந்த சீட்டைப் படித்துவிட்டு, "மெத்தனால்ல ஒரு கார்பன்தானுங்க சார் இருக்குது, அப்ப எத்தனாலை விட லேசாத்தானுங்களே இருக்கும்?" என்று கேட்டான். மதுவில் இருக்கும் எத்தனாலை விட மெத்தனாலுக்கு நஞ்சு குறைவு என்பது அவன் எண்ணம். இந்த ஆண்டில் இதே கேள்வி என்னிடம் வருவது மூன்றாவது முறை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியைப் படித்த பிள்ளைகளே இப்படிக் கேட்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனாலை அடர் கந்தக அமிலத்துடன் 443 கெல்வினுக்குச் சூடேற்றினால் நீர் நீங்கி ஈத்தீன் (எத்திலீன் வாயு) கிடைப்பதும், ஈத்தீனுடன் நீர் சேர்ந்தால் மீண்டும் எத்தனால் கிடைப்பதும் பாடத்தில் உள்ளவை. வினைவழிமுறையை இங்கே விளக்கத் தேவையில்லை. புரோப்பீனுடன் நீர் சேரும்போது, மார்கோவ்னிகாஃப் விதிப்படி ஹைட்ராக்சில் (OH) தொகுதி நடுக் கார்பனில் அமர்ந்து புரோப்பன்-2-ஆல் உண்டாகிறது. கைகளுக்குத் தடவும் கிருமிநாசினிகள் பலவற்றில் இருப்பது இதுவே. பெயரில் 'ஆல்' என்று முடிவதால் இதையும் குடிக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

மாணவர்கள் தவறும் இடம் படிவரிசைதான், அதாவது ஒவ்வொரு கார்பனாகக் கூடிச் செல்லும் சேர்மங்களின் வரிசை. மெத்தனால் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிப்பதாகப் படித்ததும், கார்பன் கூடக்கூட எல்லாப் பண்புகளும் அதே வரிசையில் கூடும், நஞ்சும் அப்படியே கூடும் என்று தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். கொதிநிலை மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பைப் பொறுத்தது. நஞ்சோ, அந்தச் சேர்மத்தை உடல் எதுவாக மாற்றுகிறது என்பதைப் பொறுத்தது. கல்லீரலில் உள்ள ஒரு நொதியே எத்தனாலை அசிட்டால்டிஹைடாகவும் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் ஆக்ஸிஜனேற்றுகிறது. அடுத்த படியில் முன்னது அசிட்டிக் அமிலமாகவும் பின்னது ஃபார்மிக் அமிலமாகவும் ஆகிறது. அசிட்டிக் அமிலத்தை உடல் எரித்துவிடும். ஃபார்மிக் அமிலமோ எளிதில் வெளியேறாமல் தேங்கி, செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. கண் நரம்பு முதலில் அடிபடுகிறது. 10 மில்லிலிட்டர் மெத்தனாலே கண்பார்வையைப் பறித்ததுண்டு. ஆக, ஒரு கார்பன் குறைவாக இருப்பதே இங்கே கேட்டுக்குக் காரணம். இதைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும் என்று முன்பெல்லாம் நினைத்தேன்; இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு சமன்பாடுகளையும் அருகருகே எழுதச் சொல்கிறேன்.

முகர்ந்தோ சுவைத்தோ மெத்தனாலையும் எத்தனாலையும் பிரித்தறிய முடியாது. தண்ணீர் கலந்தாலோ காய்ச்சினாலோ நஞ்சு போய்விடும் என்பதும் பொய். குடித்தவருக்கு முதலில் சாதாரணப் போதைபோலவே தெரியும். கடும் அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தோன்றும். கண் மங்குகிறது, பனிமூட்டம்போலத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காமல் அந்த நிமிடமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஈத்தீனிலும் இதே அலட்சியத்தைப் பார்க்கிறேன். கார்பைடு கல்லிலிருந்து ஈத்தீன் வருவதாக எழுதும் விடைத்தாள்கள் ஏராளம். கல்லில் ஈரம் பட்டால் வருவது ஈத்தைன், அதாவது வெல்டிங் பட்டறையில் எரியும் அசிட்டிலீன். அதனுடன் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சு ஹைட்ரைடுகளும் கலந்து வரலாம். அதனால்தான் பழம் பழுக்க வைக்கக் கார்பைடு தடை செய்யப்பட்டிருக்கிறது. ஈத்தீனோ பழம் தானே உண்டாக்கும் வாயு. அதை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. நம் பக்கத்தில் வாழைத்தாருக்குப் புகைபோட்டுப் பழுக்க வைப்பதிலும் வேலை செய்வது, புகையில் இருக்கும் ஈத்தீன்தான். ஈத்தீனின் இரட்டைப் பிணைப்புக்கும் ஈத்தைனின் முப்பிணைப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும் பார்க்காதீர்கள்.

ஆய்வகத்தில் எரியும் ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் சரியாகத் தெரியாது, அணைந்துவிட்டதென்று நம்பி ஊற்றினால் குப்பியே தீப்பற்றும். கைக்குக் கிருமிநாசினி தடவிய ஈரத்தோடு சுடரருகே போகாதீர்கள். ஆய்வக ஸ்பிரிட்டில், குடிக்கத் தகாததாக்கவென்றே மெத்தனால் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். எந்தக் கரைப்பானையும் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பெற்றோர்களே, பட்டறையிலிருந்து அப்படி எதையும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்று மாலையே அந்தக் குப்பிக்குப் புதுச் சீட்டு எழுதினோம். மெத்தனால், நஞ்சு, எளிதில் தீப்பற்றும் என்று மூன்று வரிகளையும் சிவப்பு மையில் எழுதி ஒட்டியவன் அந்த மாணவன்தான்.