பிள்ளை அரக்கனை வரைந்தால் நோட்டைப் பிடுங்காதீர்கள்

குழந்தைகள் மனநல மருத்துவரான என்னிடம் பெற்றோர் ஆதாரம்போலக் கொண்டுவந்து காட்டுவது பிள்ளையின் நோட்டை. கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க காமிக்ஸ் கதைகளில் வரும் ஹல்க், ஹெல்பாய், இல்லையென்றால் கொம்பும் வாலும் வைத்த ஏதோ ஒரு உருவம். "அழகான ஹீரோ எத்தனையோ பேர் இருக்காங்க. இவனுக்கு இதுதான் பிடிக்குது டாக்டர், மனசுல வக்கிரம் ஏதாவது இருக்குமோ?" என்று பயந்துபோய்க் கேட்பார்கள். பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது. அந்தக் கதைகளை அவர்களும் படித்திருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

ஹல்க்கையே எடுத்துக்கொள்வோம். ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் உருவாக்கி, 1962 மே மாதத் தேதியிட்டு வந்த முதல் இதழ். விஞ்ஞானி புரூஸ் பேனர் செய்த காமா குண்டைச் சோதிக்கும் இடத்துக்குள் ரிக் ஜோன்ஸ் என்ற பையன் காரோடு வந்துவிடுகிறான். பேனர் ஓடிப்போய் அவனைப் பள்ளத்தில் தள்ளிக் காப்பாற்றுகிறார். கதிர்வீச்சு அவர்மேல் பாய்கிறது. அதாவது, ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய்த்தான் அவர் ஹல்க் என்ற அரக்கன் ஆகிறார். அப்புறம் ராணுவமே அவரைத் துரத்துகிறது. ஹல்க் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: என்னைச் சும்மா விடுங்கள்.

வகுப்பில் 'கோபக்காரன்' என்று பேர் வாங்கிய பையனுக்கு இது ரொம்பத் தெரிந்த கதை. சீண்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை, கத்தியவன் மட்டும்தான் எல்லார் கண்ணிலும் படுகிறான்.

சின்ன வயதில் பேனர் அப்பாவிடம் பட்ட கொடுமையை 1985-ல் கதைக்குள் கொண்டுவந்தார்கள். 1991-ல் பீட்டர் டேவிட் எழுதிய இதழில், டாக் சாம்சன் என்ற மனநல மருத்துவர் பேனரையும் அவருக்குள் இருக்கும் இரண்டு ஹல்க்குகளையும் ஒரே ஆளாக இணைக்கிறார். ஹிப்னாடிசம் செய்து ஒரே மூச்சில் இப்படிக் குணப்படுத்துவதெல்லாம் நிஜத்தில் நடக்காது. ஆனால் அரக்கனைக் கொல்லாமல் அவனோடு உட்கார்ந்து பேசும் அந்த வழி சரியானது. கோபத்தோடு வரும் பிள்ளைகளிடம் நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மைக் மிக்னோலா உருவாக்கிய ஹெல்பாய் இன்னும் நெருக்கம். 1944-ல் நாஜிகளுக்காக நடந்த சடங்கில் நரகத்திலிருந்து வந்து சேர்ந்த குட்டி அவன். ஒரு பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். உலகத்தை அழிக்கப் பிறந்தவன் என்று ஆளாளுக்குக் குறி சொல்கிறார்கள். அவனோ கொம்புகளை ராவித் தேய்த்துவிட்டு, மனிதர்களைக் காப்பாற்ற வேலைக்குப் போகிறான். நெற்றியில் இரண்டு மொட்டை வட்டங்கள்தான் மிச்சம். "நீ உருப்படவே மாட்டே" என்று வீட்டில் தினமும் கேட்கும் பிள்ளைக்கு அதுவும் ஒரு குறிதான். குறி பலிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லும் கதையை அவன் விடாமல் படிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முகத்தில் தீக்காயத் தழும்போடு ஒரு சிறுமி வந்தாள் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). தழும்பைப் பற்றிக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வாள். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையில் வரும் பாறை உடம்புக்காரர் பென் கிரிம்மைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவாள். அவர் தெருவில் போகும்போது நீளக் கோட்டும் தொப்பியும் போட்டுத் தன்னை மறைத்துக்கொள்வார். "வீட்டுக்கு வந்ததும் கழட்டிடுவார் டாக்டர். அங்க யாரும் பயப்பட மாட்டாங்க" என்றாள். நீ துப்பட்டாவை எங்கே கழற்றுவாய் என்று கேட்டேன். "பாட்டி வீட்டுல மட்டும்." எங்கள் சிகிச்சை அந்தப் பதிலில்தான் தொடங்கியது.

பிள்ளைகளை இந்தக் கதைகள் கெடுக்கின்றன என்று அமெரிக்காவில் ஊரையே நம்பவைத்தவர் எங்கள் துறைக்காரர்தான். பெயர் ஃபிரெட்ரிக் வெர்தாம். நியூயார்க்கின் ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மனநல கிளினிக் நடத்திய நல்ல மருத்துவர். 1954-ல் அவர் எழுதிய புத்தகமும் அதே ஆண்டு செனட் நடத்திய விசாரணையும் சேர்ந்து நெருக்க, காமிக்ஸ் பதிப்பாளர்களே தங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டு விதியைப் போட்டுக்கொண்டார்கள். ரத்தக்காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் தடை வந்தது. 1971-ல்தான் அது தளர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து அவருடைய குறிப்புகளைப் புரட்டிய ஆய்வாளர் கேரல் டில்லி, பிள்ளைகள் சொன்னதை வெர்தாம் பல இடங்களில் மாற்றியும் வெட்டியும் எழுதியிருந்ததை 2012-ல் வெளியிட்டார். பிள்ளை சொன்னதை அப்படியே கேட்காமல் போனால் எங்கே போய் முடியும் என்பதற்கு எங்கள் துறையில் இதைவிடப் பெரிய எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

அதனால் வீட்டில் ஹல்க் படம் கண்ணில் பட்டால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இவனை யார் துரத்துறாங்க? இவன் பக்கம் யாராவது இருக்காங்களா?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. வரும்போது குறுக்கே பேசி அறிவுரை சொல்ல வேண்டாம். வயதுக்குப் பொருந்தாத வன்முறை உள்ள இதழ்களும் இருக்கின்றன. வாங்கித் தரும் முன் நீங்கள் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. "நானும் அரக்கன்தான், நான் இல்லாம இருந்தாத்தான் எல்லாருக்கும் நல்லது" என்று பிள்ளை சொன்னாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, கையில் கீறல்கள் தெரிந்தாலோ, பிராணிகளைத் துன்புறுத்தினாலோ தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். உடனே வர முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இந்தியாவில் எங்கிருந்தும் கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.