வரிச் சலுகையில் பாதி, லாட்டரியில் மீதி: பிரிட்டனில் ஒரு சின்னப் படம்

பெரிய ஸ்டூடியோ துணையில்லாமல் பிரிட்டனில் எடுக்கப்படும் படத்துக்கு ஒரே முதலாளி அமைவது அபூர்வம். பணம் துண்டு துண்டாகத்தான் சேரும். தேசிய லாட்டரி வருமானத்திலிருந்து பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் ஒரு பங்கு தரலாம். பிபிசி ஃபிலிமோ, சேனல் 4-இன் ஃபிலிம்4-ஓ டிவி உரிமையை வாங்கிக்கொண்டு இன்னொரு பங்கு போடும். வெளிநாட்டு உரிமையை முன்கூட்டியே விற்றுக் கொஞ்சம் புரட்டலாம். அப்புறம் வரிச் சலுகை, அதாவது செலவில் ஒரு பகுதியை அரசு பணமாகவே திருப்பித் தருவது.

தலைப்பில் பாதி என்றது கொஞ்சம் மிகைதான். கணக்கைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் படப்பிடிப்பு தொடங்கிய சின்னப் படங்களுக்குச் சலுகை விகிதம் 53 சதவீதம். 20 லட்சம் பவுண்ட் முழுவதையும் பிரிட்டனிலேயே செலவழித்தால், அதில் 80 சதவீதம், அதாவது 16 லட்சம் மட்டும் கணக்கில் வரும். அதற்கு 53 சதவீதம் 8.48 லட்சம். அதன்மேல் 25 சதவீத வரி போனால் கையில் நிற்பது 6.36 லட்சம், பட்ஜெட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அது செலவு செய்த பிறகுதான் வரும். யூனிட்டுக்குச் சம்பளமும் சாப்பாடும் இன்றே வேண்டும். ஆகவே வரப்போகும் சலுகையைக் காட்டிக் கடன் வாங்குவார்கள். வட்டி அதில் ஒரு கடி கடித்துக்கொள்ளும்.

சலுகை பெற படம் 'பிரிட்டிஷ் படம்' என்று சான்று வாங்க வேண்டும். அதற்கொரு மதிப்பெண் தேர்வு: 35-க்கு 18 எடுத்தால் பாஸ். கதை நடக்கும் இடத்துக்கு 4, பாத்திரங்களுக்கு 4, கதைப்பொருளுக்கு 4, வசன மொழிக்கு 6. லீட்ஸ் நகரத்துக் குடும்பம் ஒன்று ஆங்கிலத்தில் சண்டை போடும் கதை என்றால் அங்கேயே 18 வந்துவிடும். படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

தணிக்கைக் கதை வேறு மாதிரி. 1909-இல் வந்த சினிமா சட்டம் தீ விபத்தைத் தடுக்க எழுதப்பட்டது. அன்றைய நைட்ரேட் ஃபிலிம் குபீரென்று பற்றிக்கொள்ளும். தியேட்டருக்கு உரிமம் தரும் அதிகாரம் உள்ளூர் கவுன்சில்களிடம் போனது. அதை வைத்துக்கொண்டு அவை படத்துக்குள்ளும் மூக்கை நுழைத்தன. ஊருக்கொரு நியாயம் என்றால் வியாபாரம் ஓடுமா? அதனால் 1912-இல் திரைத்துறையே பிபிஎஃப்சி என்ற தணிக்கை வாரியத்தை அமைத்துக்கொண்டது. அது இன்றும் அரசுத் துறை அல்ல. படம் எத்தனை நிமிடம் என்று பார்த்துக் கட்டணம் வாங்குகிறது. தியேட்டர் விஷயத்தில் கடைசி வார்த்தை இப்போதும் கவுன்சிலுடையதுதான்.

1979-இல் வந்த, மதத்தைக் கிண்டலடித்த நகைச்சுவைப் படமான 'லைஃப் ஆஃப் பிரையன்' இதற்கு நல்ல உதாரணம். படப்பிடிப்புக்குக் கொஞ்சம் முன்பு, பணம் போடவிருந்த இஎம்ஐ நிறுவனம் பின்வாங்க, பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசன் வீட்டை அடகு வைத்துப் பணம் போட்டார். வாரியம் அனுமதித்த பிறகும் பல கவுன்சில்கள் படத்தைத் தடுத்தன. ஸ்வான்சீ நகரில் தடை 1997 வரை நீடித்தது.

சரி, படம் திரைக்கு வந்துவிட்டது. 10 பவுண்ட் டிக்கெட்டில் 1.67 பவுண்ட் வாட் வரியாகப் போய்விடும். மிச்சத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல் தியேட்டருக்கு. விநியோகஸ்தர் தன் கமிஷனையும் போஸ்டர், விளம்பரச் செலவையும் முதலில் எடுத்துக்கொள்வார். பிறகு விற்பனை ஏஜென்ட், கடன் கொடுத்தவர், முதலீட்டாளர்கள். வரிசையின் கடைசியில் தயாரிப்பாளர். பல படங்களில் பணம் அங்கே வருவதற்குள் வற்றிவிடுகிறது. பட்ஜெட்டிலேயே தனக்கென்று எழுதிக்கொண்ட கட்டணத்தில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.