உதவ முன்வரும்போது ‘ப்ளீஸ்’ உங்களைக் காப்பாற்றாது

அலுவலகங்களில் பேசுவதற்கான ஆங்கிலத்தைக் கற்பிப்பது என் தொழில். ஒருவருக்கு ஒன்றைத் தர விரும்பியோ, ஓர் உதவியைச் செய்ய விரும்பியோ ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள், நல்ல மனத்துடன் தொடங்கி, கடுமையானவர்கள் என்ற பெயரை வாங்கிக்கொள்வதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அண்மையில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞரின் தொலைபேசி உரையாடல் பதிவு ஒன்று திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. மறுமுனையில் இருந்த பெண்மணியால் தம் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லை மாற்றும் வழிமுறையைத் தாமே மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம் என்று இளைஞர் நினைத்திருக்கிறார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததோ, ‘ப்ளீஸ் டெல் யுவர் ஈமெயில், ப்ளீஸ் ஐ வில் சென்ட், ப்ளீஸ் வெயிட்’ என்பதுதான். சில நொடிகள் மௌனமாக இருந்த அந்தப் பெண்மணி, வேறு யாரிடமாவது பேச முடியுமா என்று கேட்டுவிட்டார். மதிப்பீட்டுத் தாளில் ‘மரியாதைக் குறைவு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து இளைஞர் கலங்கிப்போனார். “மூன்று முறை ப்ளீஸ் சொன்னேனே, இன்னும் என்ன மரியாதை வேண்டும்?” என்று கேட்டார். இதே கேள்வியை இதற்கு முன் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

‘ப்ளீஸ்’ எந்த வாக்கியத்தையும் மரியாதையாக்கிவிடும் என்ற நம்பிக்கையை யார் விதைத்தார்களோ தெரியவில்லை. அதைப் பிடுங்கி எறிவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அந்தச் சொல் பெரும்பாலும் ஒன்றைக் கேட்டுப் பெறுகிறவருக்கு உரியது. நான் உங்களிடம் பேனாவைக் கேட்டால் ‘ப்ளீஸ்’ சொல்ல வேண்டியவர் நான். நானே உங்களுக்குக் காபி தர முன்வந்தால், ‘வுட் யூ லைக் சம் காபி?’ என்பதோடு என் வேலை முடிந்தது. ‘யெஸ், ப்ளீஸ்’ என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். இந்த இடத்தை மாற்றிப் போட்டு ‘கேன் ஐ ப்ளீஸ் ஹெல்ப் யூ?’ என்று கேட்டால், உதவ வருகிறவரே உதவி செய்ய அனுமதிக்கும்படி மன்றாடுவதுபோல் ஒலிக்கும். ‘ப்ளீஸ் ஹேவ் எ சீட்’, ‘ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப்’ போன்றவை இயல்பானவையே. அவை கேட்பவரின் வசதிக்காகச் சொல்லப்படும் உபசரிப்புகள். அந்த இளைஞர் சொன்ன ‘ப்ளீஸ் வெயிட்’ அப்படிப்பட்டதன்று. அது அந்தப் பெண்மணியின் நேரத்தைக் கேட்கும் வேண்டுகோள். ஒரே மூச்சில் மூன்று ‘ப்ளீஸ்’ சொன்னதால், அவர் அளித்த உதவியே மூன்று கட்டளைகளாகக் கேட்டிருக்கிறது.

இதற்கான விளக்கத்தை மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1983-லேயே தெளிவாக முன்வைத்திருக்கிறார். சொல்லப்படும் செயலால் நன்மை யாருக்கு, சிரமம் யாருக்கு என்பதைப் பொறுத்தே ஒரு வாக்கியத்தின் பணிவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பது அவர் கருத்து. ‘வாஷ் தீஸ் கப்ஸ்’, ‘ஹேவ் சம் மோர் கேக்’ ஆகிய இரண்டும் இலக்கணப்படி ஏவல் வாக்கியங்கள்தாம். முதலாவதில் சிரமம் கேட்பவருக்கு. ஆகவே அது அதிகாரமாக ஒலிக்கிறது. இரண்டாவதில் நன்மை கேட்பவருக்கு. ஆகவே அது அன்பாக ஒலிக்கிறது. ஏவல் வாக்கியம் என்றாலே மரியாதைக் குறைவு என்று பயந்து, கேக்கை நீட்டும்போதுகூட ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் பாஸிப்ளி ஹேவ் சம் மோர்’ என்று சுற்றி வளைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு தயக்கத்துடன் கேட்டால், யாரும் தொடாத கேக்கைத் தீர்த்துத் தரும்படி கெஞ்சுகிறீர்களோ என்று எதிரில் இருப்பவர் எண்ணக்கூடும்.

வாக்கிய அமைப்புகளைப் பொறுத்தவரை, எல்லா இடத்துக்கும் பொருந்துவது ‘வுட் யூ லைக்’ என்பதே. பொருளைத் தரும்போது அதன் பெயரைச் சேர்த்து ‘வுட் யூ லைக் சம் வாட்டர்?’ என்று கேளுங்கள். அவரைச் செயலுக்கு அழைக்கும்போது ‘வுட் யூ லைக் டு சிட் டவுன்?’ என்று கேளுங்கள். நீங்கள் செய்யப்போகும் உதவி என்றால் ‘மீ டு’ சேர வேண்டும். அந்த இளைஞர் சொல்லியிருக்க வேண்டியது, ‘வுட் யூ லைக் மீ டு ஈமெயில் யூ தி ஸ்டெப்ஸ்?’ என்ற ஒரே வாக்கியம். ‘வுட் யூ லைக் ஐ சென்ட்’ என்பது பிழை. ‘டூ யூ லைக் காபி?’ என்று கேட்டால், பொதுவாகக் காபி பிடிக்குமா என்று விசாரிப்பதாக ஆகும்; ‘யெஸ், ஐ டூ’ என்று பதில் வரும், கோப்பை உங்கள் கையிலேயே இருக்கும். ‘எனி’யைவிட ‘சம்’ இங்கே சிறந்தது, ஏனெனில் ‘ஆம்’ என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறீர்கள் என்பதை அது காட்டிவிடும். ‘ஷல் ஐ ஓபன் தி விண்டோ?’ பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வெகு இயல்பானது. அமெரிக்கர்களின் பேச்சில் அரிதாகவே வரும், அவர்கள் ‘டூ யூ வான்ட் மீ டு’ என்பார்கள். ‘டூ யூ வான்ட்’ என்பதே தவறு என்று சிலர் கற்பிக்கிறார்கள். நண்பர்களிடமும் உடன் பணிபுரிகிறவர்களிடமும் அதைத் தாராளமாகச் சொல்லலாம். புதியவர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் தவிர்த்துவிடுங்கள்.

உதவ முன்வரும்போது, என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். ‘டூ யூ நீட் ஹெல்ப்?’ என்று மட்டும் கேட்டால், தடுமாறுவதாக நினைக்கிறார்களே என்று சிலருக்கு மனம் சுருங்கும், வேண்டாம் என்றுவிடுவார்கள். ‘வுட் யூ லைக் மீ டு செக் தி ஃபிகர்ஸ்?’ என்று குறிப்பிட்டுக் கேட்டால், ஏற்பதும் எளிது, மறுப்பதும் எளிது. பணிவின் விதிகளில் ஒன்றாக, எதிரில் இருப்பவருக்குத் தேர்வை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று 1973-இல் மொழியியலாளர் ராபின் லேக்காஃப் சொன்னது இதற்கும் பொருந்தும். ‘ஐ கேன் கால் தெம், இஃப் யூ லைக்’ என்பதில் கடைசியில் வரும் அந்தச் சின்னத் தொடர்தான் மறுப்பதற்கான கதவைத் திறந்து வைக்கிறது. தேர்வே இல்லாத இடத்தில் இந்த அமைப்பைப் பயன்படுத்துவது வேறு வகைத் தவறு. மேலாளர் ‘வுட் யூ லைக் டு ஃபினிஷ் தி ரிப்போர்ட் டுடே?’ என்று கேட்டால் பெரும்பாலும் அது உத்தரவு. ‘நோ, தாங்க்ஸ்’ என்று பதில் சொல்லிவிட்டு வந்து நிற்காதீர்கள்.

உங்களுக்கு ஒன்றைத் தர யாராவது முன்வந்தால், ‘ஐ டோன்ட் வான்ட்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ‘நோ, தாங்க்ஸ், ஐ’ம் ஃபைன்’ போதும். வெறும் ‘தாங்க்ஸ்’ என்று மட்டும் சொன்னால் ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று தெரியாமல் அவர் விழிக்க நேரலாம். ‘யெஸ், ஐ லைக்’ என்பது பதிலாகாது. ‘யெஸ், ப்ளீஸ்’ அல்லது ‘தட் வுட் பி க்ரேட்’ என்று சொல்லுங்கள். நீங்கள் தர முன்வந்து, எதிரில் இருப்பவர் மறுத்துவிட்டால், ‘ஆர் யூ ஷூர்?’ என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். அதற்கும் இல்லை என்றால், ‘ஓகே, லெட் மீ நோ இஃப் யூ சேஞ்ச் யுவர் மைண்ட்’ என்று சொல்லிப் பேச்சை அடுத்த விஷயத்துக்குக் கொண்டுபோங்கள். மூன்றாம் முறை வற்புறுத்த வேண்டாம்.