'கப்ப…' என்று காதில் விழுந்ததும்

கேரள எல்லை ஊரான குமுளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். ஒருவர் பேசத் தொடங்கும்போது அது எந்த மொழிச் சொல் என்று காது எப்படி முடிவு செய்கிறது?"

முடிவு செய்துவிட்டு மூளை கேட்பதில்லை. கேட்கக் கேட்கத்தான் முடிவாகிறது.

ஒலி செவிப்பறையை அதிரவைத்து, உள்காதில் நரம்புத் துடிப்பாக மாறி மூளைக்குப் போகிறது. இது பள்ளிப் பாடம். அதற்கு அப்புறம் நடப்பதுதான் அழகு. பேச்சில் சொற்களுக்கு நடுவே எழுத்தில் விடுவதுபோல இடைவெளி கிடையாது. சொல் முடியட்டும் என்று மூளை காத்திருப்பதும் இல்லை. 'பட்' என்று விழுந்ததுமே பட்டம், பட்டணம், பட்டாணி, பட்டாசு எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. அடுத்த ஒலி 'டா' என்று நீண்டால் பட்டமும் பட்டணமும் பின்வாங்கும். 'சு' வந்தால் பட்டாணியும் போகும். 1970களின் கடைசியில் மொழி உளவியலாளர் வில்லியம் மார்ஸ்லென்-வில்சன் முன்வைத்த கருத்து இது. 1986இல் மெக்லெலண்ட், எல்மன் இருவரும் உருவாக்கிய 'ட்ரேஸ்' என்ற கணினி மாதிரி இன்னும் ஒருபடி போனது. அதில் சொற்கள் சும்மா விலகுவதில்லை, ஒன்றை ஒன்று அமுக்குகின்றன. போடியில் ஏலக்காய் ஏலம் போவதுபோல, ஒருவர் விலையை ஏற்றுவதே மற்றவரை வெளியே தள்ளுகிறது.

இதெல்லாம் நொடியின் சிறு துளிக்குள் நடப்பது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கண்ணைப் பார்த்து! 1998இல் அலோபென்னா, மேக்னசன், டானன்ஹவுஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. திரையில் நான்கு படங்கள்: பீக்கர், பீட்டில் என்கிற வண்டு, ஸ்பீக்கர், சம்பந்தமே இல்லாத ஒரு தள்ளுவண்டி. "பீக்கரை எடு" என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். கேட்பவரின் கருவிழி எங்கே போகிறது என்று ஒரு கேமரா பதிவு செய்யும். கண்ணை நகர்த்தவே ஏறத்தாழ 200 மில்லிநொடி பிடிக்கும். அதைக் கழித்துப் பார்த்தால், 'பீ' ஒலிக்கும்போதே பார்வை பீக்கருக்கும் வண்டுக்கும் சமமாகப் போகிறது. 'க்' கேட்டதும் வண்டு சரிகிறது. அந்த நேரத்தில்தான் ஸ்பீக்கர் மெல்லத் தலைதூக்குகிறது! முதல் ஒலி பொருந்தாவிட்டாலும் மீதி பொருந்துகிறதே என்று மூளை அதற்கும் ஒரு வாய்ப்பு தருகிறது. ட்ரேஸ் முன்கூட்டியே சொன்னதும் இதைத்தான்.

அப்படித் தருவது வீண்வேலை இல்லை. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பின் இரைச்சலில் சொல்லின் தலை அடிபட்டாலும், வால் அதைக் காப்பாற்றிவிடும்.

சரி, இரண்டு மொழி இருந்தால்? 1999இல் ஸ்பைவி, மரியன் இருவரும் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களைச் சோதித்தார்கள். ரஷ்ய மொழியில் தபால்தலை 'மார்க்கா'. அதை எடுக்கச் சொன்னபோது பலருடைய கண் பக்கத்தில் கிடந்த மார்க்கர் பேனாவுக்கும் ஓடியது. பேச்சு முழுக்க ரஷ்ய மொழி, ஆனாலும் ஆங்கிலம் தூங்கவில்லை. மலையாளத்தில் 'கப்ப' என்றால் மரவள்ளிக்கிழங்கு. ஆக, குமுளியில் 'கப்ப' என்று கேட்டால் கப்பலும் மரவள்ளிக்கிழங்கும் ஒரேசமயத்தில் எழும் என்று எதிர்பார்க்கலாம். அடிக்கடி கேட்கும் சொல் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும். சந்தைப் பக்கம் கிழங்குதான் முந்தும். 'கப்ப வாங்கணும்' என்றால் 'வா' ஒலித்த பிறகுதான், 'ல்' வராது என்பது மூளைக்கு உறுதியாகிறது.

இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பிவிடும் என்று எல்லையோர ஊர்களில் இன்னும் சில பெற்றோர் பயப்படுகிறார்கள். அது மூடநம்பிக்கை. இந்தப் போட்டி ஒரே மொழி பேசுபவர் தலைக்குள்ளும் ஓயாமல் நடக்கிறது. இரண்டாவது மொழி போட்டியாளர்களைக் கூட்டுகிறது, அவ்வளவே.

மைசூரில் 1969 முதல் இந்திய மொழிகளுக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் இயங்குகிறது. குமுளி, செங்கோட்டை, வாளையாறு மக்கள் பேச்சில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற ஒரு பட்டியலுக்கும், கருவிழியைப் பின்தொடரும் சில கேமராக்களுக்கும் அந்த நிறுவனத்தின் வழியாக அரசு பணம் ஒதுக்க வேண்டும். முதல் சோதனைக்குக் கப்பல் படம் ஒன்று, கிழங்குப் படம் ஒன்று போதும்.