மணிக்கணக்கைப் பார்த்துப் படகு வாங்காதீர்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பழைய படகு வாங்கிய குடும்பங்களின் அழைப்புகள் தொடங்கிவிடும். 18 அடிப் படகு, பளபளக்கும் மேற்பூச்சு, புதிதாகத் தைத்த இருக்கைகள், "25 வருஷத்தில 180 மணித்தியாலம்தான் ஓடியிருக்கு" என்ற விற்பவரின் உறுதிமொழி. மே மாத நீண்ட வாரயிறுதியில் சிம்கோ ஏரியில் இறக்கி அரைமணி நேரம் ஓடியதும் சூட்டு எச்சரிக்கை ஒலி கத்தும். எண்ணெய் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருக்கும். எஞ்சின் பிளொக் வெடித்திருக்கிறது. இனிப் படகு வாங்கிய காசைவிடத் திருத்தும் காசு கூட. இந்த வசந்தத்திலும் அதுவே நடந்திருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மீன்பிடிக்கவும் பிள்ளைகளைக் காற்றடைத்த ரியூபில் இழுக்கவும் ஒரே படகு வேண்டும் என்று தேடுகிற நம் குடும்பங்கள் வாங்குவதற்கு முன்னரே இதைப் படித்துவிட வேண்டும்.

முதலில் அந்த மணிக்கணக்கு. காரில் கிலோமீற்றர் குறைவாக இருந்தால் நல்லது என்று பழகிய மனம், படகிலும் அதையே தேடுகிறது. இது முழுத் தவறு. 25 வருடத்தில் 180 மணி என்றால் வருடத்துக்கு 7 மணி. முறையாகப் பயன்படுத்தும் குடும்பம் ஒரு பருவத்தில் 40, 50 மணி ஓட்டும். மீதிக் காலமெல்லாம் அந்தப் படகு எங்கே, எப்படி நின்றது என்பதுதான் கேள்வி. நின்ற எஞ்சினில் எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை இழுத்து, தண்ணீரும் எதனோலும் பிரிந்து தாங்கியின் அடியில் தங்கும். பழைய கார்புரேற்றருக்குள் பெற்றோல் பிசினாக இறுகும். குளிர்நீர்ப் பம்புக்குள் இருக்கும் இறப்பர் இம்பெல்லரின் இதழ்கள் வளைந்தபடியே இறுகிப்போகும். ஒருநாள் ஓட்டியதும் அவை முறிந்து, துண்டுகள் நீர்ப்பாதையை அடைக்கும். சீல்கள் காயும், பெல்லோஸ் எனும் மடிப்பு இறப்பர் உறை வெடிக்கும், வயர்களை எலி கடிக்கும். ஒவ்வொரு வருடமும் ஓடி, ஒவ்வொரு வருடமும் எண்ணெய் மாற்றி, பற்றுச்சீட்டோடு இருக்கும் 800 மணி போர்-ஸ்ட்ரோக் அவுட்போர்ட்டை (படகுக்கு வெளியே பின்பலகையில் தொங்கும் எஞ்சினை) நம்பலாம். பற்றுச்சீட்டு இல்லாத 180 மணியை நம்பக்கூடாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டாஷ்போர்டில் உள்ள மணிமானியைக் கழற்றி மாற்றுவது சில நிமிட வேலை. பல படகுகளில் எஞ்சின் ஓடாமல் சாவி திறந்திருந்தாலே அது எண்ணத் தொடங்கும். உண்மையான கணக்கு புதிய அவுட்போர்ட்களின் கணினிக்குள் இருக்கிறது. டீலரின் கருவியைச் சொருகினால் மொத்த மணியும், எந்தச் சுழற்சி வேகத்தில் எத்தனை மணி ஓடியது என்பதும், முன்பு பதிவான கோளாறுகளும் வெளிவரும். அந்த அறிக்கையைக் கேளுங்கள். "மணி எவ்வளவு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "கடைசி 5 வருடமும் யார் விண்டரைஸ் செய்தது, சீட்டு இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

விண்டரைஸ் என்றால் தண்ணீரை வடித்து எஞ்சினைக் குளிர்காலத்துக்குத் தயார்ப்படுத்துவது. அதைச் செய்யாமல் விட்ட ஒரே ஒரு குளிர்காலம் போதும். இங்கேதான் அவுட்போர்ட்டுக்கும் ஸ்டேர்ன்டிரைவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. அவுட்போர்ட்டை நேராக நிறுத்தினால் உள்ளிருக்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஸ்டேர்ன்டிரைவில் புரொப்பெல்லர் பகுதி மட்டும் வெளியே இருக்க, எஞ்சின் படகின் உள்ளே கிடப்பதால், வடிகால் ஆணிகளைத் திறந்து, துருவால் அடைத்த துளைகளைக் கம்பியால் குத்தி வடித்தால்தான் தண்ணீர் போகும். போகாத தண்ணீர் உறைந்து விரியும்போது வார்ப்பிரும்பு வெடிக்கும். பிளொக்கின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் துருக்கோடு, ஓரிடத்தில் மட்டும் புதிய பெயின்ற், எபொக்சி பூசிய தடம், இவற்றில் எதைக் கண்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். வருடத்தில் ஐந்தாறு மாதம் படகைக் கட்டிவைக்கும் இந்த மாகாணத்தில், முதற்படகு வாங்கும் குடும்பத்துக்கு 115 முதல் 150 குதிரைவலு போர்-ஸ்ட்ரோக் அவுட்போர்ட்டைத்தான் பரிந்துரைப்போம். விலை கூடத்தான். ஆனால் பின்னால் வரும் செலவு குறைவு.

ஸ்டேர்ன்டிரைவ்தான் வாங்குவேன் என்பவர்கள் ஆல்ட்டர்னேற்றரையும் ஸ்டார்ட்டரையும் கட்டாயம் பார்க்க வேண்டும். காசை மிச்சம்பிடிக்கக் கார்க் கடை உதிரியை யாரோ பூட்டியிருப்பார்கள். படகுக்கென்று செய்த பாகம் உள்ளே தீப்பொறி பறந்தாலும் வெளியே விடாது. கார்ப் பாகம் விடும். மூடிய எஞ்சின் அறையில் பெற்றோல் ஆவி சேர்ந்திருக்கும்போது அந்தப் பொறி என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. எஞ்சினைத் தொடக்குமுன் ஆவியை வெளியேற்றும் விசிறி குறைந்தது 4 நிமிடம் ஓட வேண்டும். அந்த விசிறி வேலை செய்யாத படகை ஒருமுறைகூடத் தொடக்க விடாதீர்கள்.

அடுத்தது ட்ரான்சம், எஞ்சினைத் தாங்கும் பின்பலகை. ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில் அதற்குள் ஒட்டுப்பலகை இருக்கிறது. மீன் தேடும் கருவியின் சென்சர், ஏணி, வடிகால் குழாய் என்று யாரோ போட்ட ஒரு திருகாணித் துளையை சீலன்ட் வைத்து அடைக்காமல் விட்டால், அதன்வழியே பல வருடம் தண்ணீர் ஊறி உள்ளே பலகை உக்கிப்போகும். வெளியே மேற்பூச்சு வடிவாகத்தான் இருக்கும். பிளாஸ்ரிக் சுத்தியலால் கைப்பிடி அகலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், உக்கிய இடம் மந்தமாகக் கேட்கும். அவுட்போர்ட்டைப் பாதி உயர்த்தி, அதன் அடிநுனியைப் பிடித்து மேலும் கீழும் பலமாக அசையுங்கள். ஒருவர் அசைக்க மற்றவர் ட்ரான்சத்தின் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். பலகை எஞ்சினோடு சேர்ந்து அசைந்தாலோ, மூலைகளில் வெடிப்பு வாய் திறந்தாலோ அது பல ஆயிரம் டொலர் வேலை. அலுமினியப் படகு என்றால் இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். அவற்றிலும் பலவற்றின் ட்ரான்சத்துக்குள் மரம்தான். அதோடு தகடுகளைப் பொருத்தும் ரிவெற் ஆணிகளில் ஒழுக்கும் இருக்கும்: ட்ரெயிலரில் வைத்தபடியே உள்ளே 5 சென்ரிமீற்றர் தண்ணீர் விட்டு, அடியில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்.

தரையில் வெறுங்காலோடு நடந்து, ஒவ்வொரு இடத்திலும் குதிகாலால் அழுத்துங்கள். கால் அமுங்கும் இடத்துக்குக் கீழே உக்கிய பலகை இருக்கிறது. தரைக்கடியில் உள்ள மிதவை நுரையும் காலப்போக்கில் தண்ணீர் குடிக்கும். படகை ட்ரெயிலரோடு எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். 150 கிலோ, 200 கிலோ கூடுதலாக இருந்தால் அது நுரைக்குள் நிற்கும் தண்ணீர். ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அவுட்போர்ட் படகுகளுக்குக் கொம்பனி போடும் எடையில் பெரும்பாலும் எஞ்சின் சேராது.

மீன்பிடிப் படகுக்கென்றே ஒரு நோய் உண்டு. அறுந்த தூண்டில் நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றி, தண்டின் சீலை அறுத்துவிடும். கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் போகும். அதைக் கண்டுபிடிக்க, கீழ் வடிகால் ஆணியைச் சற்றுத் தளர்த்தி ஒரு கரண்டி எண்ணெய் வடியவிடுங்கள். தெளிவாக வந்தால் நல்லது. வெளிறி வந்தாலோ, எண்ணெய்க்கு முன் தண்ணீர் வந்தாலோ சீல் போய்விட்டது. ஆணியின் காந்தத்தில் மாவுபோன்ற சாம்பல் படிவு வழக்கமானது; விரலில் நெருடும் உலோகத்துண்டு கியர் உடைவதைக் காட்டும். விற்பவர் "நேற்றுத்தான் எண்ணெய் மாற்றினேன்" என்றால், தண்ணீரில் அரைமணி ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எஞ்சினின் எல்லா உருளைகளிலும் (சிலிண்டர்களிலும்) அமுக்கச் சோதனையும் செய்யுங்கள். உருளைக்கு உருளை வித்தியாசம் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும்.

எந்த ஏரிக்கு என்பதை வாங்குமுன் முடிவு செய்யுங்கள். ஸ்கூகொக், ரைஸ் போன்ற ஆழம் குறைந்த, பாசி மண்டிய ஏரிகளுக்குச் சரியான தட்டை அடிப்படகு, சிம்கோவில் காற்று எழும்பினால் முதுகை முறிக்கும். சிம்கோவுக்கு ஆழமான வி வடிவ அடி வேண்டும், பின்பக்கத்தில் 18 பாகை சரிவாவது. இரண்டுக்கும் ஒரே படகு என்றால் 17, 18 அடி வி அடிப்படகை எடுத்து, பாசி நிறைந்த ஏரியில் மெதுவாகப் போவதே வழி.

வாட்டர் ஸ்போர்ட்ஸ் பற்றி விளம்பரம் சொல்லாத சட்டம் ஒன்று இருக்கிறது. கனடாவில் ஒருவரை இழுத்துச் செல்லும்போது ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் பின்னால் பார்த்தபடி இருக்க வேண்டும். இழுக்கப்படுபவர் ஒவ்வொருவருக்கும் படகில் ஓர் இருக்கை காலியாக இருக்க வேண்டும். ரியூபில் 2 பிள்ளைகள் என்றால் அப்போதே 4 இருக்கை போய்விட்டது. 6 மீற்றர் வரையான படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள ஆள் எண்ணிக்கையும் எடையும் நல்ல காலநிலைக்கானவை. மாமா, மாமி, மச்சான் குடும்பம் என்று எல்லாரும் வருவார்கள் என்பதற்காக அந்த எண்ணை மீற முடியாது. இழுவைக் கயிறு அதற்கென்றுள்ள கொக்கியிலோ கம்பத்திலோதான் கட்டப்பட வேண்டும். வேக்சர்ஃபிங் (படகு எழுப்பும் அலையில் சறுக்குவது) ஆசை இருந்தால் இந்த வகைப் படகே வேண்டாம்: அவுட்போர்ட்டிலும் சாதாரண ஸ்டேர்ன்டிரைவிலும் புரொப்பெல்லர் படகின் பின்விளிம்புக்கு வெளியே சுழல்கிறது, சர்ஃப் செய்பவரோ அதற்கு மிக அருகே நிற்கிறார். எஞ்சின் ஓடும்போது பிள்ளைகளைப் பின்தட்டில் உட்காரவும் விடாதீர்கள். எஞ்சின் புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை; பிள்ளை தூங்கிவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். தயவுசெய்து இதைப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மம்மா, அப்பப்பாவுக்கும் சொல்லிவையுங்கள்.

இழுக்கும் வாகனத்துக்கு வருவோம். 18 அடிப் படகு 1,000 கிலோ, எஞ்சின் 200 கிலோவுக்கு மேல், ட்ரெயிலர் 350, 100 லீற்றர் பெற்றோல் 75, சாமான்கள் 100. மொத்தம் 1,700 கிலோவைத் தாண்டுகிறது. நம் வீடுகளில் நிற்கும் ரொயோட்டா சியன்னாவின் இழுவை எல்லை 3,500 இறாத்தல், அதாவது 1,590 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. படகை வாங்கிய பிறகு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஒன்ராறியோவில் 1,360 கிலோவோ அதற்கு மேலோ மொத்த எடையுள்ள ட்ரெயிலருக்குத் தடுப்பு (பிரேக்) கட்டாயம். ரயரில் உள்ள 4 இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 6 வருடத்தைத் தாண்டியிருந்தால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். சில்லை உயர்த்திச் சுழற்றுங்கள், கரகரத்தால் பெயரிங் போய்விட்டது.

பத்திரங்கள்: ட்ரான்சத்தின் வலது மேல் மூலையில் உள்ள 12 எழுத்து அடையாள எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதன் கடைசி 2 இலக்கம் மொடல் ஆண்டு. சுரண்டிய தடம் தெரிந்தால் கதை வேண்டாம், விலகுங்கள். விற்பவரின் பெயரில் கடன் பதிவு இருக்கிறதா என்று மாகாணப் பதிவேட்டில் தேடுங்கள். இல்லாவிட்டால் அவர் கட்டாத கடனுக்கு உங்கள் படகு போகும். 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ உள்ள எஞ்சினுக்குப் படகு உரிமம் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். எஞ்சின் பூட்டிய எந்தப் படகானாலும் ஓட்டுபவரிடம் படகு ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும். ஏரியைவிட்டு ஏற்றும்போது வடிகால் ஆணியைக் கழற்றி, பாசியைத் துடைத்துவிட்டே வீதிக்கு வர வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம்.

தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் முழுக்காசையும் கொடுக்கவே கூடாது. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னரே தொடக்கியிருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் எப்படித் தொடங்குகிறது என்பதை இன்னொரு நாள் வந்து பார்க்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாரையும் ஏற்றி முழு வேகத்தில் விடுங்கள். எஞ்சின் கையேட்டில் உள்ள சுழற்சி எல்லையை எட்ட வேண்டும், பெரும்பாலான 150 குதிரைவலு போர்-ஸ்ட்ரோக்குக்கு அது 5,000 முதல் 6,000. எட்டாவிட்டால் புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது எஞ்சின் தளர்ந்துவிட்டது, அல்லது நுரைக்குள் தண்ணீர். ஸ்டேர்ன்டிரைவை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள், உறுமினால் டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பெயரிங் போய்விட்டது. கையில் மாட்டும் அவசரநிறுத்தக் கயிற்றை இழுத்தால் எஞ்சின் அந்தக் கணமே நிற்க வேண்டும். மார்ச்சில், உறைபோட்டுக் கட்டிய படகைக் காட்டி "இப்ப தொடக்க ஏலாது" என்றால், வசந்தத்தில் ஓட்டிக் காட்டிய பிறகே மீதி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். செப்டெம்பரில் தேடினால் படகு தண்ணீரிலேயே இருக்கும், விலையும் இறங்கியிருக்கும்.

படகோடு இனாமாகத் தரும் பழைய லைஃப் ஜாக்கெட்டுகளைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். காற்று நிரப்பும் வகை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் கனடாவில் அங்கீகரிக்கப்படவில்லை, வேக விளையாட்டுக்கும் அது ஆகாது. ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் போட்டு எல்லாப் பூட்டையும் மாட்டி, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். அது நாடிக்கு மேலே ஏறினால் பெரிது. ஒரு சைஸ் சிறிதாக வாங்குங்கள், அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று வாங்க வேண்டாம்.