குவார்ட்ஸ் எவ்வளவு சுத்தம்?

குவார்ட்ஸ் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம், அதாவது சிலிக்கா. ஒரு டன் குவார்ட்ஸில் வேற்றுத் தனிமங்கள் எல்லாம் சேர்ந்தாலும் 50 கிராமைத் தாண்டக் கூடாது. சிலிக்கான் உருக்கும் மூசைகள் செய்யப் போகும் 'உயர்தூய குவார்ட்ஸ்' என்றால், சுத்திகரித்து முடித்தபின் ஏறக்குறைய இவ்வளவுதான் அனுமதி.

கல்லைப் பார்த்தே இதைச் சொல்லிவிட முடியாது. குவார்ட்ஸின் ஒரு வகையான வெங்கச்சாங்கல் பால்போல வெளுத்திருக்கப் பெரும்பாலும் காரணம், உள்ளே சிக்கிய நுண்ணிய உப்புநீர்த் துளிகள். கண்ணாடிபோலத் தெளிந்த படிகத்திலோ அலுமினியம் ஒளிந்திருக்கலாம்; கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அழுக்கு எவ்வளவு என்பதைவிட, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். மைக்கா, ஃபெல்ட்ஸ்பார் போன்ற வேறு கனிமங்கள் தனித் துகள்களாக இருந்தால் கவலை இல்லை: கல்லை நொறுக்கி, காந்தத்தாலும் நுரை மிதப்பு முறையாலும் பிரித்துவிடலாம். விரிசல்களில் படிந்த இரும்பை அமிலம் கரைத்துவிடும். நீர்த்துளிகளைச் சூடாக்கி வெடிக்கவைக்கலாம், ஆனால் அவற்றின் உப்பு கொஞ்சம் தங்கிவிடும். உண்மையான தலைவலி, படிக அணுக்கோப்பில் சிலிக்கானின் இடத்தையே பிடித்துக்கொண்ட அலுமினியம். அதற்குச் சிலிக்கானைவிட ஒரு மின்னூட்டம் குறைவு. அதை ஈடுகட்ட லித்தியமோ சோடியமோ ஹைட்ரஜனோ கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். சூடான குளோரின் வாயு சோடியத்தையும் லித்தியத்தையும் ஓரளவு இழுத்துவிடும். அலுமினியம் மட்டும் அசையாது.

அழுக்கு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு கணக்கு எடுப்பார்கள். ஒன்று, மாதிரியை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முழுதாகக் கரைத்து அளப்பது. மற்றொன்று, நுண்ணோக்கியில் துகளில்லாத இடமாகப் பார்த்து, லேசரால் மயிரிழை அகலத்துக்குச் சுரண்டி, அந்தத் தூளை மட்டும் நிறமாலைமானியில் அளப்பது. முழுக் கல்லில் அலுமினியம் பத்து லட்சத்தில் 200 பங்கு, லேசர் புள்ளியில் 20 பங்கு என்று வைத்துக்கொள்வோம். சரி, மிச்சமெல்லாம் துகள்களில்தான் இருக்கிறது, கழுவிவிடலாம். இரண்டிலும் 150 என்று வந்தால் அந்தப் படிவத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் உள்ள ஸ்ப்ரூஸ் பைன் சுரங்கப் பாறையில் குவார்ட்ஸைவிட ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் சேர்ந்துதான் அதிகம். பார்வைக்கு அழுக்குப் பாறை. ஆனால் அதன் குவார்ட்ஸ் துகள்களின் உள்ளே அணுக்கோப்பு அவ்வளவு சுத்தம். உலகில் சிலிக்கான் உருக்கும் மூசைகள் பலவும் அங்கிருந்து வரும் குவார்ட்ஸில் செய்யப்படுவது அதனால்தான்.

அப்புறம், ஒரே படிகத்தில்கூட, அது வளர்ந்த வளையத்துக்கு வளையம் அலுமினியத்தின் அளவு மாறும். ஒரு புள்ளியை அளந்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. பல இடங்களில் எடுத்த மாதிரிகளில் பல புள்ளிகள் வேண்டும். மாதிரியை எஃகு ஆலையில் அரைத்தால் ஆலையின் இரும்பையும் கல்லின் கணக்கில் எழுத நேரும். அதனால் அகேட் என்ற கல்லால் ஆன உரலில் அரைப்பார்கள். அகேட்டும் குவார்ட்ஸைப் போலவே பெரும்பாலும் சிலிக்காதான்.